சம்பந்தியம்மா போட்டுக்கொண்ட ஊசி

சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இருமல் விட்டுவிட்டது, சோறு இறங்குகிறது. உங்கள் வீட்டிலும் எல்லோரும் திடமாக இருக்க வேண்டும்.

குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அறைக்குள் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன், எனக்கு எதுவும் மறக்காது. உன் தங்கை, மாப்பிள்ளை, குழந்தைகள் டாக்டரம்மா, ஒரு நர்ஸ், நடுநாயகமாக நாற்காலியில் மாப்பிள்ளையின் அம்மா. சளி என்று என்னை மட்டும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாஸ்க்கோடு நிறுத்திவிட்டார்கள். உன் தங்கை பெற்ற குறைமாதப் பட்டு பால் குடிக்காமல், மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா குழிவிழ, பார்க்கச் சகிக்கவில்லை. மூக்கில் குச்சி விட்டுச் சோதித்து, ஆர்.எஸ்.வி. என்று ஒரு வைரஸ் என்றார்கள். மற்றவர்களுக்கு வெறும் சளி, இத்தனூண்டு குழந்தைக்கும் என்னைப் போன்ற இளைப்புக்காரிக்கும் நெஞ்சில் இறங்கிவிடுமாம். என் மூக்கிலும் குச்சி விட்டார்கள், எனக்கும் அதேதான். உடனே சம்பந்தியம்மா, "தும்மிக்கிட்டே முத்தம் கொடுத்தாங்களே, நான் அப்பவே நெனச்சேன்" என்றாள், எனக்குக் காது கேட்காது என்று நினைப்பு. டாக்டரம்மாவோ, யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல முடியாது, மாப்பிள்ளைக்கும்தானே போன வாரம் சளி என்றார். சம்பந்தியம்மா மூஞ்சியை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் பட்டு ஆக்சிஜன் குழாயோடு அவள் மடியில்தான் கிடந்தது, அவள் விரலைத்தான் பிடித்துக்கொண்டது. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

இப்போது பட்டு வீட்டுக்கு வந்து நன்றாகப் பால் குடிக்கிறது. சளி பிடித்தவர் கிட்டே வரக்கூடாது, சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தொடக்கூடாது, முத்தம் கிடையவே கிடையாது. நேற்றுத்தான் என் கையில் கொடுத்தார்கள். அதுகூடப் பொறுக்காமல் அவள் பக்கத்தில் வந்து நின்று, "வயசானவங்களுக்கு இதுக்குன்னே ஊசி இருக்கு, நான் அப்பவே போட்டுக்கிட்டேன். உங்க சின்னவருதான் போன்ல சொன்னாரு, உங்ககிட்ட சொல்லலியா?" என்றாள். சொன்னான் சொன்னான் என்று சிரித்து வைத்தேன். உன் தங்கையைக் கேட்டால், அம்மா ஊசி என்றாலே ஊரைக் கூட்டுவாள் என்று நீயே என்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டாயாம். இளைப்பு எனக்கு, ஊசி அவளுக்கு. அவளுக்குப் போன் போட நேரம் இருந்தது பார்.

உடம்பு தேறியதும் டாக்டரைக் கேட்டு நானும் போட்டுக்கொள்ளப் போகிறேன், கத்தாமல். நீ பட்டுவைப் பார்க்க வரும்போது சளியோடு வந்துவிடாதே. நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். சம்பந்தியம்மாவைப் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். மன்னிக்கவே மாட்டேன் என்று இருப்பது ஒருத்தனைத்தான். சின்னவனே, அது நீதான்.

உன்னைப் பெற்ற
அம்மா