உன் படகைத் தண்ணீரில் இறக்கினோம்

என் அன்பு நல்லப்பனுக்கு,

ஊரார் முன்னால் உன்னை "வாங்க மாப்ள" என்பேன். லாரிக் கேபினுக்குள் ஏறிவிட்டால் "டேய் நல்லப்பா" தான். என் தங்கச்சி பாவாயியை உனக்குக் கட்டிக்கொடுத்த பிறகும் அந்தக் கேபின் பேச்சு நமக்குள் மாறவில்லை. இங்கேயும் அப்படியே பேசுகிறேன். எனக்கு எழுத்து தெரியாதென்பது உனக்குத் தெரியாததா? நான் சொல்லச் சொல்ல உன் மகள் மேகலா எழுதுகிறாள். "மெதுவாச் சொல்லுங்க மாமா, லாரி ஓட்டற மாதிரி ஓட்டாதீங்க" என்று இப்போதே அதட்டுகிறாள்.

சேதி இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை உன் படகை மேட்டூர்த் தண்ணீரில் இறக்கினோம்.

கோவாவுக்குச் சரக்கு ஏற்றிப் போனோமே, நினைவிருக்கிறதா? ஆற்றோரம் டீக்கடையில் நின்றபோது ஒருவன் காருக்குப் பின்னால் சின்ன டிரெய்லரில் படகை இழுத்துவந்தான். சிமெண்டுச் சரிவில் பின்பக்கமாகவே தண்ணீருக்குள் விட்டான். டிரெய்லர் முங்கியது, படகு தானாக மிதந்தது, ஏறிப் போய்விட்டான். உன் கையில் டீ ஆறிப்போனது. "மச்சா, இது ரிவர்ஸ் எடுக்கற வேலைதானே? நம்ம வேலைடா இது" என்றாய்.

அதற்குப் பிறகு நீ லாரியை விட்டுச் சங்ககிரியில் பாடி கட்டும் பட்டறை போட்டாய். லாரிக்கு வெட்டியது போக மிஞ்சிய தகடுகளை மூலையில் சேர்த்தாய். பழைய ஜீப் அச்சில் டிரெய்லர் செய்தாய். வேலை இல்லாத நாளெல்லாம் படகு வேலை. பற்றவைத்த இடங்களில் உள்பக்கம் சுண்ணாம்பு தடவி, வெளிப்பக்கம் மண்ணெண்ணெய் பூசி, எங்காவது கறை ஊறுகிறதா என்று விளக்கு பிடித்துப் பார்ப்பாய். ஊறினால் மறுபடி பற்றவைப்பாய். மழைத்தண்ணீர் வடிவதற்குப் பின்பக்க அடியில் ஒரு துளை விட்டு, அதற்குத் திருகுமூடி ஒன்றைப் பித்தளையில் கடைந்தாய். பாவாயிதான் அந்தப் படகுக்குத் தொட்டி என்று பேர் வைத்தவள். "மாட்டுக்குத் தண்ணி காட்டவாச்சும் ஆகும்" என்பாள். பட்டறை முழுக்க அந்தப் பேரே நின்றது.

படகு தண்ணீரில் படுவதற்குள் நீ போய்விட்டாய்.

படகு வேப்பமரத்தடியில் டிரெய்லர் மேலேயே நின்றது. பாவாயி அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். வருஷத் திதி முடிந்த அன்று என்னையும் மேகலாவையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"ஒருக்கா தண்ணில போட்டுப் பாருங்க. மெதந்தா இருக்கட்டும். முழுகுனா அங்கயே இரும்புக்காரனுக்குக் குடுத்துட்டு வந்துருங்க. என்ற கண்ணு முன்னால அது சும்மா நிக்க வேண்டாம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய இரும்பு எடுக்கிறவனிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமை அவன் டெம்போவைத் துறைக்கே வரச் சொல்லிவிட்டாள். மேகலா அன்று சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், ஆனால் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆனால் கிளம்புகிற அன்று விடிவதற்குள் உன் பெண்டாட்டி என்ன செய்தாள் தெரியுமா? யாரையும் கிட்டே விடாமல் ஹோஸ் பிடித்துப் படகை அவளே கழுவினாள். பிறகு நம் வண்டிகளுக்குச் செய்வது போலவே எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். துடுப்புக்குப் பொட்டு, ஜாக்கிக்குப் பொட்டு, ஸ்பேனருக்குப் பொட்டு. டிரெய்லரை ஜீப்பில் மாட்டி, டயருக்கு டயர் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு வண்டியை நகர்த்தினேன். பூஜைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்தவள் எடப்பாடி தாண்டும் வரை அதை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

துறையில் மீன்காரர்கள் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். பரிசலும் படகும் இறக்க எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிமெண்டுச் சரிவு இருக்கிறது. நீரோரம் பச்சைப் பாசி. இரும்புக்காரன் எங்களுக்கு முன்பே வந்து டெம்போ நிழலில் குந்தியிருந்தான்.

நான் ஜீப்பை வளைத்து ரிவர்ஸ் போட்டேன். பெரிய டிரெய்லர் லாரியையே சந்துக்குள் விட்டவன்தான் நான். ஆனால் இந்தக் குட்டி டிரெய்லர் வேறு சாதி, நல்லப்பா. பெரியது யோசித்துத்தான் திரும்பும். இது ஸ்டியரிங்கைத் தொட்டாலே துள்ளுகிறது. இரண்டு தரம் மடங்கி ஜீப்பின் இடுப்பில் இடிக்க வந்தது. வலை உதறிக்கொண்டிருந்த அம்மாசை என்கிறவர் குரல் கொடுத்தார்.

"ஏனுங் பெரியவரே, படகு விட வந்தீங்களா, கோலம் போட வந்தீங்களா?"

"ரண்டுந்தானுங்க. கோலம் முடியட்டும், படகு வரும்" என்றேன்.

முன்னால் எடுத்து நேராக்கினேன். மேகலா டிரெய்லர் பக்கமாக நடந்து, பலகையைத் தட்டித் தட்டிக் கத்தினாள்: "வரட்டும்... வரட்டும்... லேசா ஒடிச்சுக்கங்க... வரட்டும்... ஓல்டேன்!" நிறுத்தச் சொல்லும் அந்த "ஓல்டேன்" அப்படியே உன் குரல். தண்ணீர் டிரெய்லர் சக்கரத்தை மூடியது. ஜீப் சக்கரத்துக்குக் கட்டை போட்டார்கள். பின்கயிற்றை அவிழ்த்து, மேகலா படகுக்குள் ஏறி நின்றாள். ஒரு தள்ளு. மிதந்தது.

கைதட்டலாம் என்று கையைத் தூக்கினேன். அதற்குள் மேகலாவின் முகம் மாறிவிட்டது. படகின் பின்பாகம் தாழ்ந்தது. அவள் கணுக்கால் நனைந்தது, பிறகு பாவாடை ஓரம் நனைந்தது.

"பெரியவரே, உங்க தொட்டி தண்ணி குடிக்குதுங்க" என்றார் அம்மாசை. மீன்காரர்கள் சிரித்தார்கள். இரும்புக்காரன் எழுந்து பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

அத்தனை சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் வீணா? பாவாயி என்ன சொல்லப்போகிறாளோ என்று திரும்பினேன். சரிவின் மேட்டில் தட்டோடு உட்கார்ந்திருந்தவள் படகைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடைத்த தேங்காய் மூடிக்கும் செவ்வந்திப் பூவுக்கும் நடுவில், ஸ்பேனருக்குப் பக்கத்தில், குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது நீ கடைந்த பித்தளை மூடி. கழுவிய தண்ணீர் வடியட்டும் என்று திருகி எடுத்தவள், அதற்கும் பொட்டு வைத்துத் தட்டில் வைத்திருக்கிறாள். திரும்பப் போடவில்லை. வண்டிக்குப் பூஜை போடுகிற நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு இந்தத் தவறு வரும்?

மூடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

"ஓட்டையில்லைங்க! மூடி எங்கிட்ட இருக்குது!" பிறகு அம்மாசையைப் பார்த்து, "ஆருங்க அது தொட்டின்னது? இது எங்க ஊட்டுக்காரரு கட்டுன படகு. சிரிச்சது போதும், வந்து புடிங்க."

அந்தப் பேரை வைத்தவள் யாரென்று நான் வாயைத் திறக்கவில்லை.

அம்மாசையும் கூட இருந்தவர்களும் சிரித்த வாயோடே இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். நான் டிரெய்லரை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டேன். அவர்கள் படகின் மூக்கை நேராகப் பிடித்துத் தர, மேகலா குதித்து வந்து கொக்கியை மாட்டி, கயிறு இழுக்க டிரெய்லர் முனையில் நீ வைத்த கைராட்டினத்தைச் சுற்றினாள். தண்ணீர் குடித்த படகு சும்மா வருமா? ஜீப் சக்கரம் பாசியில் வழுக்கிச் சுற்றியது. "சாக்கு போடுங்கப்பா" என்றேன். மீன் சாக்கு ரெண்டை டயருக்கு அடியில் திணித்தார்கள். லோ கியரில் அங்குலம் அங்குலமாக ஏற்றினேன். முழுக்க ஏற்றாமல் பாதிச் சரிவிலேயே நிறுத்தினேன்; அந்தப் பாரத்தோடு மேலே இழுத்தால் டிரெய்லருக்கு நீ போட்ட பழைய அச்சு தாங்காது. துளை வழியாகத் தண்ணீர், போர்வெல் போடும்போது பீய்ச்சுகிற மாதிரி அடித்தது. முதலில் நீயே இறக்கியிருந்தால் மூடியை மறந்திருப்பாயா? மறந்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். பூஜைத் தட்டைத் தயார் செய்கிறவள் அப்போதும் அவள்தானே.

தண்ணீர் வடிந்ததும் மேகலா மூடிக்குக் கை நீட்டினாள்.

"தள்ளு சாமி. கழட்டுனது நானு, நானே போடறேன்" என்று பாவாயி முழங்காலிட்டு, அந்த ஸ்பேனராலேயே இறுக்கினாள்.

இரண்டாம் தரம் கோலமெல்லாம் இல்லை. ஒரே பிடியில் நேராக உள்ளே விட்டேன். படகு மிதந்தது. எல்லோரும் படகின் பின்பாகத்தையே பார்த்து நின்றோம். பாவாயி விளிம்பைப் பிடித்துக் குனிந்து, அடித்தகட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். பற்றவைத்த ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டுப்போனாள்.

"காஞ்சு கெடக்குதுண்ணா" என்றாள்.

பிறகு யார் கையையும் பிடிக்காமல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். நாகப்பட்டினத்திலிருந்து நீ கொண்டுவந்து போட்டிருந்த பழைய என்ஜினின் கயிற்றை மேகலா ஏறி நின்று இழுத்தாள். இருமியது, புகைந்தது, பிடித்துக்கொண்டது. உன் பெண்டாட்டியும் மகளும் அத்தனை பெரிய தண்ணீரில் போகிறார்கள், நல்லப்பா. கரை முழுக்க விசில். அம்மாசை என் தோளைத் தட்டி, "இரும்புன்னு நெனச்சனுங்க, இது மீனுங்க" என்றார்.

கொஞ்ச தூரம் போனவள் திரும்பிப் பார்த்துக் கத்தினாள்: "அண்ணா, அந்த இரும்புக்காரனப் போகச் சொல்லுங்க!"

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டெம்போ அதற்குள் கிளம்பிவிட்டது.

வெயில் தாழ்ந்த பிறகு படகை ஏற்றினோம். ஒரே இழுப்பில் வந்து உட்கார்ந்தது. எடப்பாடி கடைவீதியில் ஆட்கள் நின்று நின்று பார்த்தார்கள். பாவாயி முன்சீட்டில் உட்கார்ந்து, கேட்டவருக்கெல்லாம் ஜன்னல் வழியாக உன் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இப்போது மாதம் ஒருதரம் போக வேண்டுமாம். அடுத்த தரம் என்ஜின் பிடியை அவள் பிடிக்கப்போகிறாளாம். ஜீப்பை யார் பின்னால் விடுவது என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. என் கழுத்து பின்பக்கம் திரும்புகிற வரைக்கும் அவளை நான் தண்ணீரில் இறக்கிவிடுவேன். வெயில் தாழ்ந்ததும் பத்திரமாகக் கரையேற்றி வீட்டில் கொண்டுபோய் விடுவேன். நீ நிம்மதியாக இரு.

உன் பெண்டாட்டியின் அண்ணன்,
உன் மச்சான் பெரியண்ணன்