சுவர் வராத அடிக்கல்

அப்பா,

முந்தாநாள் ஓடைக்கரையில் ஈரச் சிமெந்து வாசம் வந்தது. நீங்கள் கேட்ட சுவரைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று ஓடினேன். முழங்கால் உயரத்தில் ஒரு மேடை, அதில் கருங்கல் பலகை. வெள்ளத் தடுப்புச் சுவருக்கு அடிக்கல்லாம். சுவர் எப்போது என்று அம்மா தோட்டக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டாள். "சல்லி வந்தவொடனே," என்றார். பலகைக்கு மட்டும் காசு வந்திருக்கிறது.

சுவர் கேட்டு ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் எழுதினோம். ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து தமிழில் சொல்வீர்கள்; நான் சிங்களத்தில் எழுதுவேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளின் எழுத்தைப் பார்த்து, "இந்த அழகுக்காவது தருவானுக," என்று சிரிப்பீர்கள். தோட்டக் காணியில் செலவழிக்க நிதி இல்லை என்றது பிரதேச சபை. ஓடை அரசாங்கத்துக்குச் சொந்தம் என்றது தோட்ட ஆபீஸ். "நாமதான் யாருக்கும் சொந்தமில்ல போல," என்றீர்கள். வந்த பதில்களை எல்லாம் மடித்து வைத்தீர்கள். உங்கள் விரலில் இருந்த ரப்பர் பால் ஒவ்வொன்றின் மூலையிலும் கறையாக இருக்கிறது.

வெள்ளம் வந்த அன்று கடைசி லயத்து வீடுகளின் பிள்ளைகளை மேட்டுக்கு ஏற்றிவிட்டு, நடக்க முடியாத கிழவரைத் தூக்கத் திரும்பினீர்கள். பின்சுவர் ஓடையோடு போனது. உங்கள் இரண்டு பேரையும் மறுநாள்தான் எடுத்தார்கள்.

இன்று காலை கணக்கப்பிள்ளை வந்தார். "கல்லத் தெறக்க சபையிலருந்து பெரிய ஐயா வாறாரு. செத்தவரோட மக நீ, நீதான் வெத்தல குடுக்கணும். வாயே தொறக்க மாட்ட, அதுவும் நல்லதாப் போச்சு."

அந்த ஐயாவின் பெயர் எனக்குத் தெரியும். சபையின் ஒவ்வொரு பதிலின் அடியிலும் இருக்கும் பெயர்.

தலை சீவினேன். வெற்றிலையை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கி, நடுவில் சபையிலிருந்து கடைசியாக வந்த பதிலை வைத்துக் கட்டினேன். எல்லோரும் பார்க்க அவர் தலை குனிய வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

மேடைக்கு முன்னால் ஐயாவிடம் நீட்டினேன். "பயப்படாத மகளே," என்று சிங்களத்தில் சொல்லி என் தலையைத் தொட்டார். வெற்றிலைக்குள் தாள் தெரிந்தது. விரித்தார். முகம் மாறியது. சட்டைப்பையில் வைக்கப் போனார்.

"வாசிங்க சேர்," என்றேன், நானும் சிங்களத்தில். "கையெழுத்து ஒங்களோடதுதானே?"

கணக்கப்பிள்ளை என் தோளைப் பிடித்து இழுத்தார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

ஐயா வாசிக்கவில்லை. அவர் விரல்களிலிருந்து தாளைப் பிடுங்கிக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றேன். முதல் வரியிலிருந்து வாசித்தேன், சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.