மெம்பரின் மாமனார்

புசல்லாவை,
2018 ஆவணி 9.

அன்பு மகள் புஷ்பத்துக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், என் முழங்கால் ஒன்றைத் தவிர, அதையும் சுகத்தில் சேர்த்துக்கொள். அந்தச் சைப்பிரஸ் வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க முருகன் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை எழுதுகிற பிள்ளை போட்டோகொப்பிக் கடை ஹாஷிம் நானாவின் மகள் ஜெஸீமா. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், இருக்கிற ஒற்றை அறையில் உன் அண்ணி இராஜகுமாரிக்கும் எல்லாம் கேட்கும். அவள் காதில் விழாமல் சொல்ல வேண்டிய சங்கதி இது. உன் அண்ணன் தனபாலன் கண்டியில் அதே இரும்புக் கடையில்தான் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போகிறான். மழை விடவில்லை, தேயிலைக் கொழுந்து நன்றாக வருகிறது, பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டிருக்கிறது.

போன வருஷக் கடைசியில் கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்தது உனக்குத் தெரியும். பிரதேச சபையில் நாலில் ஒரு பங்கு பெண்கள் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது, பட்டியலுக்கு ஆள் போதவில்லை, வீட்டுல ஒரு பொம்பளப் பேர் இருந்தா குடுங்க பெரியவரே என்றார்கள். மண்வெட்டி இரவல் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்கள், நானும் மண்வெட்டி எடுத்துக் கொடுக்கிற மாதிரித்தான் கொடுத்தேன். இராஜகுமாரியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தவளிடம், உன் பேரைக் குடுத்திருக்கேன், ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா என்றேன். உயர்தரம் படித்தவள், முன்பள்ளி டீச்சர், அவர்கள் நீட்டிய தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தாள். எதுக்கு இவ்வளவு வாசிப்பு என்று நாங்கள் ஆம்பிளைகள் எல்லோரும் சிரித்தோம். தேர்தல் முடிந்ததும் அந்தப் பட்டியல் வழியாக அவள் பேர் சபைக்குள் வந்துவிட்டது. அன்றிலிருந்து பஸாரில் யாராவது மெம்பர் ஐயா என்று கூப்பிட்டால் அது என்னைத்தான், நானும் திரும்பிப் பார்த்தேன், புஷ்பம்.

இனிச் சொல்லப் போவதுதான் சொல்ல நாக்கு வராத விஷயம். மேட்டு லயத்து வீடுகளிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்குகிற பாதையில் இன்றைக்கும் ஒரு லைட் கிடையாது, நீ ஏறி இறங்கிய பாதைதான். பின்னேரக் கிளாஸ் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்குகிற பெண்பிள்ளைகள் அந்த இருட்டுக்குள்தான் வீடு வர வேண்டும். வட்டாரத்துக்கு ஒரு வேலை கேட்கலாம் என்று சபையில் சொல்லியிருந்தார்கள், இராஜகுமாரி அந்த லைட்டைக் கேட்கத்தான் போனாள். எனக்குக் கோயில் கமிட்டிக்காரர்கள் வேறு ஓதியிருந்தார்கள், கோயில் பாதையைக் கொங்கிறீட் போட்டுத் தரச் சொல்லி. துணைக்கு வருகிறேன் என்று நானும் போய் சனங்கள் உட்காருகிற வாங்கில் உட்கார்ந்தேன். அவள் பேரைக் கூப்பிட்டார்கள், எழுந்தாள், சிங்களத்தில் பேச வேண்டுமே என்று தொண்டையைக் கனைத்தாள். அந்த ஒரு மூச்சு நேரத்துக்குள் நான் எழும்பிவிட்டேன். கோயில் பாதை சேர், கோயில் பாதை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சத்தம் போட்டேன். சபையை நடத்துகிற தவிசாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதில் மெம்பர் யார், அப்பாவா மகளா என்று கேட்டார். சபையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். சபையில் மாமனார் சொன்னதை மருமகள் மறுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை, அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கோயில் பாதைதான் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கும் உன் அம்மாவுக்கும் பிரஜாவுரிமை கிடைத்து முதல் முதலாக ஓட்டு வந்தபோதும் இப்படித்தான். எந்தப் படத்துக்குப் புள்ளடி போட வேண்டும் என்று பள்ளிக்கூடத்து வாசல் வரை அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன், அவளும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். பல வருஷம் கழித்து ஒருநாள் ரொட்டி தட்டிக்கொண்டே, நீங்க சொன்னதுக்கு நான் போடவே இல்ல என்றாள். உன் அம்மா அங்கம்மா தலையாட்டியதற்கே அர்த்தம் தெரியாதவன் மருமகள் உட்கார்ந்ததற்கு என்ன அர்த்தம் கண்டேன்? நீ பார்த்துக்கொள்கிற வீட்டு அம்மா ஒரு காலத்தில் அவர்கள் ஊர்ச் சபையில் இருந்தவர், கூட்டம் முடியும் வரை அவர் புருஷன் வெளியே கோப்பி குடித்துக்கொண்டு காத்திருப்பார் என்று நீ சொன்னபோது, பாவம் அந்த மனுசன் என்று சிரித்தவனும் நான்தான்.

பாதை போட்டார்கள், திறப்பு வைத்தார்கள், பொன்னாடையை எனக்குப் போர்த்தினார்கள். இராஜகுமாரி பெண்கள் பக்கம் நின்று கை தட்டினாள். பொன்னாடையோடு நான் நிற்கிற படத்தைத்தான் நீ எங்க அப்பா என்று பெருமையாகப் போனில் போட்டிருக்கிறாயாம், ஜெஸீமா காட்டினாள். அதை இன்றைக்கே எடுத்துவிடம்மா.

போன கிழமை மேட்டு லயத்து ராக்கம்மா வந்தாள். இருட்டில் எவனோ அவள் மகளின் பையைப் பிடித்து இழுத்திருக்கிறான், பிள்ளை பயந்து ஓடிவந்து விழுந்திருக்கிறது, அன்றோடு கிளாஸை நிறுத்திவிட்டாள். உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. சொல்லு ராக்கம்மா, நான் பேசி வைக்கிறேன் என்றேன். உங்ககிட்ட இல்ல மாமா, மெம்பர்கிட்ட என்று என்னைத் தாண்டி உள்ளே போனாள். "கோயிலுக்கு ரோடு போட்டாச்சு, சந்தோசம். சாமி எங்கயும் நடந்து போறதில்ல, எம்புள்ளதான் நடக்குது" என்று அவள் சொன்னது வாசலில் நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது. அதற்கு இராஜகுமாரி சொன்ன பதில்தான் என்னைத் தூங்க விடவில்லை. "அது நான் கேட்டதுதாங்க்கா. தப்பு என்னோடது" என்றாள். என் பேர் அவள் வாயில் வரவில்லை. இந்த இடத்தில் ஜெஸீமா பேனாவை நிறுத்திவிட்டு, இதையும் எழுதவா ஐயா என்று கேட்கிறாள், எழுதும்மா என்றேன். அத்தனை பேர் இருந்த சபையில் யாரும் கேட்காமலே திறந்த வாய், ஒரு ராக்கம்மாவுக்கு முன்னால் திறக்கவில்லை. மறுநாள் உண்மையைச் சொல்ல ராக்கம்மா வீட்டுக்குத்தான் கிளம்பினேன், பாதி மேடு ஏறிவிட்டு முழங்காலைச் சாக்காக வைத்துத் திரும்பிவிட்டேன்.

கமிட்டிக்காரர்கள் திரும்பவும் வந்தார்கள், இந்தத் தடவை அன்னதான மடமாம். மெம்பரைக் கேளுங்க, உள்ளேதான் இருக்கிறாள் என்றேன். என்ன பெரியவரே, மருமகளுக்குப் பயந்துட்டீங்களா என்று ஒருவன் கேட்டான். ஆமா என்றேன். சிரித்துக்கொண்டே போனார்கள், உள்ளே ஒருவரும் போகவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை சபை கூடுகிறது. நான் வரவில்லையம்மா, நீ போய் வா என்று இராஜகுமாரியிடம் நானாகவே சொன்னேன், அதுதான் மரியாதை என்று நினைத்தேன். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே, இல்ல மாமா, நீங்க வரணும், வந்து பேசாம உக்காந்திருக்கணும், அவங்க எல்லாரும் அதப் பாக்கணும் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, முன்பள்ளிப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். ராக்கம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறாளாம். சனங்களுக்கு இருப்பது ஒரே வாங்கு, என் பக்கத்தில்தான் அவள் உட்கார வேண்டும். இராஜகுமாரி எழுந்து லைட்டைக் கேட்கும்போது தவிசாளர் என்னைத்தான் பார்த்துச் சிரிப்பார், இன்றைக்கு அப்பா ஒன்றும் கேட்கவில்லையா என்று கட்டாயம் கேட்பார். போன தடவை பேசியது யார் என்று அப்போது ராக்கம்மாவுக்கு விளங்கிவிடும். விளங்கட்டும். நான் போகிறேன்.

நீ நூறு வயது நல்லபடியாக இருக்க வேண்டும், போன இடத்தில் யாருக்கும் தலைகுனியாமல் வாழ வேண்டும். வெயிலில் தண்ணீர் நிறையக் குடி, வேலை வேலை என்று சாப்பாட்டை விட்டுவிடாதே. அடுத்த தடவை போன் எடுக்கும்போது சபைச் செய்தியை என்னிடம் கேட்காதே, அண்ணியைக் கூப்பிட்டுக் கேள்.

உன் நன்மையையே நினைத்திருக்கும் அப்பா
பொ. சின்னமுத்து
கைநாட்டு