தம்பி வாங்கும் மூன்று கப்பல்கள்

இவளே,

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன் கொழுந்தன் மூன்று புதிய சொகுசுக் கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டான். உன் முட்டிவலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நான் இயந்திரம் பார்க்கும் இந்தப் பழைய கப்பலிலேயே பாதி அறைகள் காலி. அந்த ஆர்டரைக் கொண்டாட நேற்று இதன் மேல்தளத்தில் விருந்து வைத்தான். கைதட்டல் முழுக்க அவனுக்குத்தான். "பெரியவரே, கொஞ்சம் தள்ளுங்க, முதலாளியை மறைக்கிறீங்க" என்றார் போட்டோக்காரர். அண்ணனும் கம்பெனியில் பங்குதாரர்தான் என்று தம்பி சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே தள்ளி நின்றேன்.

புதுக் கப்பல் கடனுக்கு நம் பங்கை அடமானம் வைக்கக் காகிதம் நீட்டுவான். நீ கையெழுத்துப் போடாதே. மகன் சித்தப்பாவுக்கு ஜால்ரா போடுவதை நிறுத்தட்டும். முட்டிக்குப் பூசும் தைலத்தில் எனக்கும் ஒரு புட்டி அனுப்பு. தம்பி ஒரு பயணம் முழுக்க இந்தக் கப்பலில் வந்து காலி அறைகளைப் பார்க்கட்டும். என் அறையிலேயே தங்கட்டும். இங்கே பேச ஆளில்லை.