ஆளில்லாத மேசை

சின்னவளே,

ராத்திரி டியூட்டி முடித்து வந்து படுத்தவளை எழுப்ப மனமில்லை. சோறும் கீரையும் மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிச் சாப்பிடு. கிளம்பும்போது சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடு.

உன் சிநேகிதி போன் செய்தாள். காய்ச்சலாம், வர முடியாதாம். வாக்குச்சாவடித் தெருமுனையில் உங்கள் குடிநீர்க் கட்சி போட்டிருக்கும் மேசைக்கு நீ வரும்வரை ஆள் இல்லை. அதனால் நான் போய் உட்காரப் போகிறேன்.

உடனே சந்தோஷப்படாதே. என் ஓட்டு என் பழைய கட்சிக்கே. நேற்று சொன்னதுதான்: பள்ளிக்கூடம், சாலை, விலைவாசி எல்லாம் இருக்க, தண்ணீரை மட்டும் பேசுகிறவர்களிடம் நாட்டை எப்படிக் கொடுப்பது?

"எல்லாத்தையும் பாக்கறோம்னு சொன்னவங்க தண்ணியப் பாக்கலயேப்பா. வாந்திபேதியோட வார்டுக்கு வர்ற குழந்தைங்கள நான்தானே தூக்கறேன்" என்றாய். அது சுட்டதால்தான் குரலை உயர்த்தினேன். வருத்தம் தெரிவித்து எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே.

ஆனால் என் மகள் போட்ட மேசை ஆளில்லாமல் கிடப்பதை நாலு பேர் பார்க்கக் கூடாது. எங்கள் கட்சிக்காரர்கள் "என்ன பெரியவரே, இந்தப் பக்கம் தாவிட்டீங்களா?" என்பார்கள். "என் பொண்ணு இடத்தைப் பாத்துக்கறேன்" என்பேன்.

நன்றாகத் தூங்கிவிட்டு வா.

அப்பா

இன்னொன்று: அங்கே யாராவது உங்கள் கட்சியைக் கேலி செய்தால் சும்மா விடமாட்டேன். உன்னோடு சண்டை போடும் உரிமை எனக்கு மட்டும்தான்.