ஐந்தாவது ஆள்

ஜூன் 3

முன்னறையில் இருந்தவர்கள்: நான், அவர், நாத்தனார், பயிற்சிக் கல்லூரி டீச்சர். ஆக நான்கு பேர்.

என் நாற்பத்திரண்டு வயதும் ஒன்பதாம் வகுப்புப் படிப்பும் தடையில்லையாம், டீச்சர் சொன்னார். நோயாளிப் பராமரிப்புப் படிப்பு, ஒரு வருடம், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். வீட்டில் பார்த்த அனுபவமே போதும். யாரைப் பார்த்துக்கொண்டோமோ அவர் நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எனக்கு அது மாமியார்தான். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு எல்லாம் நான்தான்.

நாத்தனார் சிரித்தாள். “பெட்பேன் எடுக்க ஒரு படிப்பா அண்ணி? பட்டம் வேற தருவாங்களா?”

என் கணவர், “படி, வேணாங்கல. அம்மாவ யாரு பாக்கறது?” என்றார்.

“பகல்ல நான் வேணா வரேன். அம்மா என்னைக் கிட்ட சேக்கணுமே!” என்றாள் நாத்தனார்.

ஜூன் 6

விளக்கேற்றிவிட்டு நின்றேன். அத்தை எழுந்து நடக்கட்டும் என்று வேண்டினால் அது அவருக்காகவா, எனக்காகவா? நான் படிக்கப் போகக் கதவு திறக்க இன்னொரு வழியும் இருக்கிறது. சீ — அதை எழுத மாட்டேன்.

ஜூன் 7

இன்று வெளியே பால் வாங்கப் போனதோடு சரி.

ஜூன் 11

டீச்சர் வந்து அத்தையிடம் என்னைப் பற்றிக் கேட்டார். அத்தை குழறினாலும் புரியும்படியே சொன்னார்: “வலிக்க வலிக்கப் பொரட்டுவா. தண்ணி கேட்டா குடுக்க மாட்டா.” டீச்சர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

என்ன பண்ணேன் நான் இவங்களுக்கு? கடவுளே, உனக்குக் கூடவா தெரியாது?

பிறகு முதுகு துடைத்துவிட்டேன். நல்ல கையால் என் புடவைத் தலைப்பைப் பிடித்தவர் விடவேயில்லை.

ஜூன் 12

பழைய பக்கத்தைப் புரட்டினேன். நான்கு பேராம். அன்று அந்த முன்னறையில் டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்ததே அத்தையின் கட்டிலோரம். காய்கறிக் கணக்கில் ஒரு எலுமிச்சை விட்டுப்போனால் தூக்கம் வராது எனக்கு. ஒரு ஆளையே விட்டிருக்கிறேன்.

மாத்திரை கொடுக்கும்போது கேட்டேன். “ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?”

“என்னை யாரு கேட்டா?”

“இப்ப கேக்கறேன். படிக்கப் போகட்டுமா?”

மாத்திரையை விழுங்கினார். “எம் பொண்ணு குளிப்பாட்டினா என் கண்ணுல சோப்பு போடுவா.”

“சொல்லித் தரேன் அவளுக்கு.”

“ஞாயித்துக்கிழம தலைக்கு நீதான் ஊத்தணும்.”

ஜூன் 14

டீச்சருக்கு அனுப்பியது: “வணக்கம் அம்மா. என் மாமியார் உங்களிடம் இன்னொரு முறை பேச வேண்டும் என்கிறார். உங்களோடு சேர்த்து ஐந்து பேர் இருப்போம். எப்போது வருவீர்கள்? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.”