டெமோ காருக்கு உடைத்த தேங்காய்

என் மேஜை மேல் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கிறது. பழம் என்று சொல்வது மரியாதைக்குத்தான். காய்ந்து கறுத்து, நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மோந்து பார்த்தேன். எலுமிச்சை வாசனை துளியும் இல்லை. புதுக் காரின் தோல் சீட் வாசனைதான் அடிக்கிறது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்று காலை ஷோரூம்காரர் கொண்டுவந்து கொடுத்தார். உனக்கு அவரைத் தெரியும். நீ ஓட்டிப் பார்த்த கூபேயின் பின் சீட்டில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தாரே, அந்தப் பாறசாலைக்காரர்.

நாற்பது வருஷம் ஊரார் கண்ணைப் பார்த்தாயிற்று, கிளினிக்கை மூடியதும் ஒரே ஒரு தடவை நல்ல காராக வாங்கிவிடுவோம் என்று நாம் முடிவு செய்தோம். அதுவரைக்கும் சண்டையில்லை. எந்தக் கார் என்பதில்தான் தகராறு. எனக்கு ஏழு பேர் உட்காரும் உயரமான எஸ்யூவி வேண்டும். உனக்குத் தரையோடு தரையாக ஓடும், இரண்டே கதவு வைத்த சிவப்புக் கூபே வேண்டும். பார்க்கிறவர்கள் நேர்மாறாகத்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் நம் வீட்டில் என்றைக்கும் ஓட்டுகிறவள் நீ. பக்கத்தில் உட்கார்ந்து "மெல்ல, மெல்ல" என்று சொல்கிறவன் நான். "கண்ணை மூடிண்டு உக்காருங்கோ, கண் டாக்டர்" என்பாய். ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து மெடிக்கல் காலேஜ் வரைக்கும் இது ஒன்றுதான் நமக்குள் பேச்சு.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. என் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். ஒரு மணி நேரம் மழை பெய்தால் தம்பானூரில் நிற்கும் தண்ணீரைச் சொன்னேன். டேப்பை எடுத்துக்கொண்டு போய் நம் வாசல் ஓடைமேல் போட்ட ஸ்லாபின் உயரத்தை அளந்துவந்து காட்டினேன். நீ எதற்கும் அசையவில்லை.

"கோயில்ல குனியறேளே, கார்ல குனிஞ்சா என்ன குறைஞ்சுடும்? ஏழு சீட்டுல யாரு உக்காரப் போறா? பொண்ணு வருஷத்துக்கு ஒரு தடவை வரா. பாக்கி நாளெல்லாம் நாம ரெண்டு பேர்தானே, கேட்டேளா?"

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் இரண்டு கார்களின் படத்தையும் என் முகத்துக்கு நேரே மாற்றி மாற்றிப் பிடித்தாய். "இது தெளிவா இருக்கா? இல்லே, இதுவா? மறுபடியும் காட்டறேன், அவசரமில்லே." லென்ஸ் மாற்றும்போது நான் கேட்கிற அதே குரல், அதே இழுப்பு. வழக்கமாகப் பதில் சொல்லத் திணறுகிறவர்கள்மேல் எனக்கு உள்ளூர எரிச்சல் வரும். அன்றைக்கு நானே திணறினேன். நீ சிரித்த சிரிப்பில் ரசம் புரையேறிவிட்டது.

பிறகு அந்த டெஸ்ட் டிரைவ். ஓணத்துக்கு ஒரு வாரம் முன்னால். ஷோரூமிலிருந்து கவடியார் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நீ நேரே கிழக்கேகோட்டைக்கு விட்டாய். பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் வண்டியை ஓரங்கட்டி இறங்கினாய். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ தேங்காயும் எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு வந்தாய்.

"மேடம், இது டெமோ வண்டியாக்கும்" என்று பின் சீட்டிலிருந்து அவர் கதறாத குறை.

"இருக்கட்டுமே. முதல் தடவையா ஒரு வண்டியை எடுத்துண்டு, பிள்ளையாரைப் பாக்காமப் போறதா?"

இந்த ஊர்க்காரர்கள் ஸ்கூட்டர் வாங்கினாலும் அங்கேதான் முதலில் நிற்பார்கள். ஆனால் ஷோரூம்காரனுடைய வண்டிக்குத் தேங்காய் உடைத்தவள் நீ ஒருத்தியாகத்தான் இருக்கும். நாலு சக்கரத்துக்கு நாலு எலுமிச்சை. கடைக்காரி சேர்த்துக் கொடுத்த ஐந்தாவதை டாஷ்போர்டு அறைக்குள் வைத்து மூடினாய். "தேங்கா உடைச்சாச்சு. இனி இது நம்மாத்து வண்டி" என்றாய்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்நிய மனிதர் முன்னால், "பைத்தியக்காரத்தனம்" என்று சொல்லிவிட்டேன். உன் முகம் வாடிவிட்டது. வீடு வரைக்கும் நான் ஒன்றும் சமாதானம் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "நவராத்திரி கழியட்டும், பார்க்கலாம்" என்றேன். அதைத்தான் சமாதானம் என்று நினைத்துக்கொண்டேன்.

நவராத்திரி கழிந்தது. உனக்கு வயிற்றுவலி வந்தது. கார்த்திகைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எதை எதையோ பேசினாய், காரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. ஒன்றரை வருஷமாக எனக்கு உறுத்துவது அதுதான். நீ திட்டியிருக்கலாம்.

பெண் விடாமல் நச்சரித்ததில் போன மாதம் எஸ்யூவிக்கே சொல்லிவிட்டேன். டிரைவர் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. கையெழுத்து வாங்கத்தான் அவர் இன்று வந்தார். தாளை நீட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து இந்தப் பழத்தை எடுத்து வைத்தார்.

"ஸாரே, அந்த டெமோ வண்டியை விக்கப் போறோம். இது மேடம் வெச்சது. பிள்ளையாருக்கு வெச்சதல்லோ, எடுத்துக் களையத் தோணல்ல. அதுக்குப் பின்னே வண்டியில ஒரு கீறல், ஒரு போறல் பட்டிட்டில்ல, கேட்டீங்களா. மேடத்துக்க வண்டின்னுதான் அங்க நாங்க எல்லாரும் சொல்லுவோம்."

எங்கே அந்த வண்டி என்று கேட்டேன். தெருமுனையில் நிறுத்தியிருப்பதாகச் சொன்னார். அதில்தான் வந்திருக்கிறார், கெட்டிக்காரர்.

போனேன். பழக்க தோஷத்தில் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரும் ஏறவில்லை. பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சுற்றிப் போய், ஸ்டியரிங் முன்னால் உன் இடத்தில் ஏறினேன். ஏழு சீட் வண்டியாக இருந்தால் ஆறு சீட் காலியாகக் கிடக்கும். இதில் காலியாக இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் என்னுடையது. பின்னால் இருப்பதை நான் சீட் என்று ஒத்துக்கொள்ளமாட்டேன். பாவம், அவர் மறுபடியும் முழங்காலை மடக்கிக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்தார்.

பெண்ணுக்குப் போன் செய்து, இந்தக் கூபேயையே வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன். "யாருப்பா ஓட்டுவா?" என்றாள். நான்தான், லைசென்ஸ் இன்னும் இருக்கிறது என்றேன். அப்புறம், "அம்மா ஜெயிச்சுட்டா" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எஸ்யூவித் தாள் இந்தப் பழத்துக்குக் கீழே கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. வாசல் ஸ்லாபை நாளைக்கு ஆள் வந்து தாழ்த்திப் போடுகிறான்.

வண்டியை எடுத்ததும் நேரே பிள்ளையாரிடம்தான் போனேன். இந்த வண்டிக்குத்தான் உடைத்தாயிற்றே என்று தேங்காய் வாங்கவில்லை. கும்பிட்டேன், அவ்வளவுதான். நீ செய்தது பைத்தியக்காரத்தனம் இல்லை என்று அவரிடம் சொன்னேன். உன்னிடம் சொல்ல வேண்டியது.

திரும்பி வருகையில் சாலைக் கடைத்தெரு முனையில் ஒரு பஸ் உரசுகிற மாதிரி வந்தது. "மெல்ல, மெல்ல" என்று என் வாய் தானாகச் சொன்னது. "என்ன ஸாரே?" என்றார் பின்னாலிருந்தவர். ஒன்றுமில்லை என்றேன். உன் பதில் எனக்குக் கேட்டுவிட்டது. ஆனால் இந்தத் தடவை கண்ணை மூடிக்கொள்ள முடியாதடி, ஓட்டுகிறவன் நான்.